உங்கள் வசதிக்காக மூடப்பட்டுள்ளது

மார்ல்ஸ்டெட் நகரின் சந்தைச் சதுக்கத்தில் இருந்த பொதுக் கழிப்பறை மூடப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பச்சைக் கதவில் நகர மன்றம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "உங்கள் வசதிக்காக இந்த வசதி தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது." மூன்று குளிர்காலங்களில் கதவின் வண்ணம் உரிந்துபோனது, சுவரில் பாசி படிந்தது, ஆனால் அந்த அறிவிப்பு மட்டும் மங்கவே இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் மன்றம் அதைப் புதிதாக அச்சடித்து ஒட்டியது. மன்றம் எதையும் கவனிப்பதில்லை என்று சொல்பவர்களுக்கு, மன்றத்தார் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

சதுக்கத்தில் பொத்தான், ஜிப், நூல்கண்டு விற்கும் ஐரிஸ் டாப்செல்லுக்கு அறுபத்தொரு வயது. அவசரம் வந்தால் அவர் கடையைப் பக்கத்து ரொட்டிக் கடைக்காரி பெரில் ஹிக்மோட்டிடம் ஒப்படைத்துவிட்டு மூலையில் உள்ள தேநீர் விடுதிக்கு ஓடுவார். அங்கே கழிப்பறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும். ஆகவே ஒரு கோப்பை தேநீர் வாங்கியாக வேண்டும். வாங்கியதைக் கொட்டுவது ஐரிஸ் வளர்ந்த விதத்துக்கு ஒத்துவராது. குடித்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தேநீரே அவரைத் திரும்ப அங்கே அனுப்பும். இப்படி நாளொன்றுக்கு ஐந்து தேநீர். எதிர்வரிசையில் முட்டை விற்ற டோரா நீரிழிவுக்காரி. அவளால் இந்த ஓட்டம் ஓட முடியவில்லை. முப்பது வருடம் போட்ட கடையை ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

டோரா போன வாரத்திலிருந்து ஐரிஸ் மன்றத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பதினான்கு கடிதங்கள். பதினான்குக்கும் பதில் வந்தது. எல்லாப் பதிலிலும் "தங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்று இருந்தது. பதினான்காவதில் மட்டும் "மிகவும்" சேர்த்திருந்தார்கள்.

"எழுதி எழுதிக் கையொடிஞ்சதுதான் மிச்சம்," என்றாள் பெரில். "தேர்தல்ல நில்லுடி."

"நானா? எனக்கு மேடையில ஏறினா தொண்டை அடைச்சுக்கும்."

"ஹாவர்ஸ்டாக்குக்குத் தொண்டை அடைக்கிறதே இல்ல. அதனால நமக்கு என்ன கிடைச்சுது?"

ரோட்னி ஹாவர்ஸ்டாக் பத்தொன்பது ஆண்டுகளாக சந்தை வட்டத்தின் உறுப்பினர். பாரம்பரியம் மற்றும் பொது வசதிகள் குழுவின் தலைவர். கழிப்பறை எந்த நாளில் கட்டப்பட்டது, எந்த சூளையின் செங்கல், யார் திறந்துவைத்தார்கள் என்று எல்லாம் சொல்வார். எப்போது திறக்கும் என்பதைத் தவிர. கடந்த நான்கு தேர்தல்களில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அதை அவர் மக்களின் ஏகோபித்த ஆதரவு என்று தன் துண்டறிக்கையில் குறிப்பிட்டிருந்தார்.

ஐரிஸ் நின்றார். அவரது துண்டறிக்கையில் மூன்றே சொற்கள்: "கழிப்பறையைத் திறக்க வேண்டும்." வியாழக்கிழமை கொட்டும் மழையில் வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. ஐந்தில் நான்கு பேர் வரவே இல்லை என்பதால் அமைதிக்குக் குறைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாக்கு எண்ணிக்கை. இடம், நகர விளையாட்டுக் கூடத்தின் பூப்பந்து மைதானம். ஐரிஸ் மன்றத்தின் மீதுள்ள மரியாதையால், தங்கை திருமணத்துக்கு வாங்கிய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருடைய எண்ணிக்கை முகவராகப் பெரில், ரொட்டி மாவு ஒட்டிய கையோடு வந்திருந்தாள்.

தேர்தல் அதிகாரி க்ளைவ் ஆம்ஸ்பி நடுவரின் உயரமான நாற்காலி மீது ஏறினார். மற்ற நாட்களில் மன்றத்தின் செயலாளரும் அவர்தான். ஒல்லியான மனிதர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. மூன்றிலும் அவர் படமே இருந்தது.

"ஜனநாயகம் ஒரு கண்ணாடிப் பாத்திரம்," என்று ஆரம்பித்தார். "அதை யாரும் தொடக்கூடாது. குறிப்பா பொதுமக்கள். அதனால வாக்குச்சீட்டுப் பக்கத்துல யாரும் தும்மக்கூடாது, சாயக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது. முடிவு வர்ற வரைக்கும் கூடத்தை விட்டு வெளியே போனவங்க திரும்ப உள்ளே வர முடியாது. தேநீர் வேணுங்கிற அளவு இருக்கு. கழிப்பறைகளைப் பூட்டியிருக்கோம்."

"எதுக்குங்க பூட்டணும்?" என்றார் ஐரிஸ். காலையிலிருந்து பதற்றத்தில் ஏற்கெனவே இரண்டு கோப்பை குடித்திருந்தார்.

"யாராவது வாக்குச்சீட்டை உள்ளே போட்டுத் தண்ணிய இழுத்துவிட வாய்ப்பு இருக்கு மேடம்."

"அப்படி எங்கயாவது நடந்திருக்கா?"

"நடந்ததே இல்ல. ஏன்னா நாங்க பூட்டிடறோம்."

பெரில் ஐரிஸின் காதில், "இந்த ஆளு கழிப்பறையைப் பூட்டறதுக்குன்னே பொறந்தவன்டி," என்றாள். ஆம்ஸ்பி அதைப் பெருமூச்சு என்று கருதி எச்சரித்தார்.

எண்ணிக்கை தொடங்கியது. சந்தை வட்டத்தில் பதிவான வாக்குகளைப் பெரில் கடையில் ரொட்டி வாங்க வரும் கூட்டத்தை எண்ணுவதுபோல் பதினைந்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஐம்பது சீட்டுக்கும் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு படிவம். படிவம் சரியாக நிரப்பப்பட்டிருப்பதற்கு இன்னொரு படிவம். பதினொன்றரை மணிக்கு ஆம்ஸ்பி மறுபடி நாற்காலியில் ஏறினார். ஹாவர்ஸ்டாக் முந்நூற்றுப் பதினேழு. டாப்செல் முந்நூற்றுப் பதினேழு. ஐயத்துக்குரியவை பதினான்கு.

ஹாவர்ஸ்டாக்கின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. ஆனால் அவர் சட்டையில் குத்தியிருந்த நாடாப்பூவை இருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஐயத்துக்குரிய சீட்டுகளை ஒவ்வொன்றாக ஆய்வது தேர்தல் அதிகாரியின் புனிதக் கடமை. ஆம்ஸ்பி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். முதல் சீட்டை மேசையில் வைத்தார். ஹாவர்ஸ்டாக்கின் பெயருக்கு எதிரே பெட்டிக்குள் யாரோ எழுதியிருந்தார்கள்: "இவனா? மறுபடியுமா?"

"இது எனக்கு விழுந்த ஓட்டு," என்றார் ஹாவர்ஸ்டாக்.

"திட்டியிருக்காங்க மிஸ்டர் ஹாவர்ஸ்டாக்," என்றார் ஐரிஸ் மெல்ல. மனம் புண்படாமல் சொல்ல வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

"திட்டா? அம்மணி, 'மறுபடியும்'ங்கற சொல்லைக் கவனிங்க. தொடர்ச்சி வேணும்னு கேக்கறாங்க. கேள்விக்குறி, ஆர்வத்தைக் காட்டுது. பத்தொன்பது வருஷத்துல எனக்கு இவ்வளவு அன்பா யாரும் எழுதினதில்ல."

ஆம்ஸ்பி கையேட்டைப் புரட்டினார். "பெட்டிக்குள்ள எழுதியிருக்கு. வேற யாரையும் குறிப்பிடலை. வாக்காளரின் எண்ணம் தெளிவு. ஹாவர்ஸ்டாக்."

இரண்டாவது சீட்டில் ஐரிஸின் பெட்டிக்குள் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தது. நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாக்கு ஏளனத்தைக் காட்டுகிறது, ஆகவே வாக்கு செல்லாது என்றார் ஹாவர்ஸ்டாக். முகம் சிரிக்கிறது, சிரிப்பு ஆதரவைக் காட்டுகிறது என்றாள் பெரில். இருபது நிமிடம் நாக்கின் மீது விவாதம் நடந்தது. கடைசியில் ஆம்ஸ்பி அளவுகோல் கொண்டுவரச் சொன்னார். நாக்கு பெட்டியின் கோட்டைத் தாண்டவில்லை. ஐரிஸுக்கு ஒரு வாக்கு.

மூன்றாவது சீட்டில் யாரோ பென்சிலால், "பால், ரொட்டி, ஐரிஸ்கிட்ட கறுப்பு நூல்" என்று குறித்திருந்தார்கள்.

"இதுல என் பேரு இருக்கே," என்றார் ஐரிஸ்.

"இருக்கு மேடம். ஆனா இது வணிகத் தொடர்பு. அரசியல் தொடர்பு இல்ல," என்று ஆம்ஸ்பி அதை நிராகரித்தார். அவர் நியாயமான மனிதர். சீட்டை மடிக்கும்போது, "அவங்களுக்கு நூல் கிடைச்சுதா?" என்று விசாரித்தார்.

மீதி பதினொன்று. அவை பதினொன்றும் ஒரே மாதிரி இருந்தன. எந்தப் பெட்டியிலும் குறி இல்லை. சீட்டின் குறுக்கே, வெவ்வேறு கையெழுத்தில், ஒரே செய்தி. "கழிப்பறையைத் திறங்க." ஒருவர் மட்டும் "தயவுசெய்து" சேர்த்திருந்தார். இன்னொருவர் அச்சிட முடியாத ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்.

தேர்தலில் நின்ற நாளிலிருந்து தன்னைத் தவிர யாருக்கும் இதில் அக்கறை இல்லையோ என்று ஐரிஸ் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தார். பதினொரு பேர் மழையில் நடந்து வந்து இதை எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

"இது எல்லாம் அவளுக்குத்தான்," என்றாள் பெரில். "அவ ஒருத்திதான் கழிப்பறையைத் திறக்கணும்னு நிக்கறா."

"கழிப்பறை வேட்பாளர் இல்லையே," என்றார் ஆம்ஸ்பி. "வேட்புமனு தாக்கல் பண்ணலை. பதினொண்ணும் செல்லாது."

ஹாவர்ஸ்டாக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "செல்லாதுதான். ஆனா பதிவு பண்ணிக்கணும்னு கேட்டுக்கறேன். மூணு வருஷம் மூடியிருந்தும் மக்கள் அந்தக் கட்டடத்தை மறக்கலை. திறந்திருந்தப்ப அதைப் பத்தி யாராவது ஒரு வரி எழுதினதுண்டா? மூடினதாலதான் மக்களுக்கு அதன் அருமை தெரிஞ்சிருக்கு. என் குழுவோட வெற்றி இது."

ஆம்ஸ்பி பதிவு செய்துகொண்டார். முந்நூற்றுப் பதினெட்டு, முந்நூற்றுப் பதினெட்டு. மறு எண்ணிக்கை நடந்தது. மாற்றமில்லை. ஐரிஸ் நான்காவது கோப்பைத் தேநீரைக் குடித்திருந்தார். வேறு வழியில்லை, மறுத்தால் கொடுப்பவர் மனம் நோகும்.

பெரில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஐரிஸ். நீ யாருக்குப் போட்ட?"

ஐரிஸ் கோட்டின் பொத்தானைத் திருகினார். "அது ரகசியம் இல்லையா..."

"என்னைப் பாருடி."

"நம்ம பேருக்கு நாமே போட்டுக்கறது நல்லாவா இருக்கும் பெரில்? அல்பத்தனமா இருந்துச்சு. அதான்... மரியாதைக்கு... அவருக்குப் போட்டுட்டேன்."

பெரில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எதிரே திரும்பி, "மிஸ்டர் ஹாவர்ஸ்டாக், நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்றாள்.

"எனக்குத்தான்," என்றார் ஹாவர்ஸ்டாக் வியப்போடு. "தகுதியானவருக்கு வாக்களிக்கறது ஒவ்வொரு குடிமகனோட கடமை. ஐரிஸ் அம்மணி அந்தக் கடமையைச் செஞ்சிருக்காங்க. பாராட்டறேன்."

வாக்குகள் சமமானால் குலுக்கல் என்கிறது சட்டம். எப்படிக் குலுக்குவது என்று சொல்லவில்லை. சட்டம் சொல்லாமல் விட்ட இடத்தைக் கண்டால் ஆம்ஸ்பிக்கு வியர்த்துவிடும். அவர் மூன்று உதவியாளர்களைக் கொண்டு அங்கேயே ஒரு துணைக்குழு அமைத்தார். குழு பூப்பந்து வலைக்குப் பின்னால் கூடியது.

நாணயம் சுண்டலாம் என்றார் ஒருவர். ஒரு பக்கம் மன்னர் தலை இருக்கிறது. அந்தப் பக்கம் விழுந்தால் மன்னர் அரசியலில் தலையிட்டதாக ஆகிவிடும். உறிஞ்சுகுழல்களில் நீளமானது குட்டையானது எடுக்கலாம் என்றார் இன்னொருவர். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை இதே மன்றம்தான் தடை செய்திருக்கிறது. சீட்டுக்கட்டு? கூடத்துக்குச் சூதாட்ட உரிமம் இல்லை. பெயர்களை எழுதித் தொப்பியில் போடலாம் என்றபோது எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆனால் தொப்பி யாருடையது? மன்றத்தின் செங்கோல் ஏந்துபவரிடம் ஒரு சடங்குத் தொப்பி உண்டு. அதை அரச குடும்பத்தார் முன்னிலையில் மட்டுமே கழற்றலாம். அரச குடும்பத்தாரை வரவழைக்க ஆறு மாதம் ஆகும். ஆறு மாதத்துக்குக் கூடத்தை வாடகைக்கு எடுக்க முடியுமா என்று விசாரிக்க ஆள் போனது.

ஐரிஸ் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. "பெரில், எனக்கு ஜெயிக்கவே வேண்டாம். வெளியே விட்டாப் போதும்."

"வெளியே போனா திரும்ப வர முடியாதாம். பல்லைக் கடிச்சுக்கோ. டோராவை நினைச்சுக்கோ."

ஐரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போது கதவு திறந்து, வெள்ளைக் கால்சட்டை அணிந்த எட்டு முதியவர்கள் மட்டைகளோடு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த பெண்மணிக்கு எழுபத்தொன்பது வயது. பெயர் வினிஃப்ரெட் காஸ்.

"இது என்ன கூத்து? எங்களுக்கு ரெண்டு மணிக்கு புக்கிங்."

"மேடம், ஜனநாயகம் நடந்துகிட்டிருக்கு," என்றார் ஆம்ஸ்பி.

"நடக்கட்டும். மூணாம் மைதானத்துல நடக்கக் கூடாது. எங்ககிட்ட ரசீது இருக்கு." விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வினிஃப்ரெட் அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். "ரெண்டு பேருல ஒருத்தரை எடுக்கவா அஞ்சு மணி நேரம்? பேரை எழுதிக் குடுங்க."

துணைக்குழு ஒருவரை ஒருவர் பார்த்தது. அதற்குள் பெரில் இரண்டு தாளில் பெயர் எழுதி மடித்துவிட்டாள். ஹாவர்ஸ்டாக் இரண்டையும் பிரித்துச் சரிபார்த்தார். வினிஃப்ரெட் பூப்பந்துகள் வைக்கும் நீளக் குழாயைக் கவிழ்த்துக் காலி செய்து, தாள்களை உள்ளே போட்டு, மருந்துப் புட்டியைப்போல் நன்றாகக் குலுக்கினார். கையை விட்டார்.

"நில்லுங்க! தேர்தல் அதிகாரிதான் எடுக்கணும்!" என்று ஆம்ஸ்பி பாய்ந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சட்டப்படி இப்போது எடுப்பது ஆம்ஸ்பி; வினிஃப்ரெட்டின் கை வெறும் கருவி. கருவி தாளைப் பிரித்தது.

"டாப்செல்," என்றார் வினிஃப்ரெட். "யாரு அது? நீயா? நல்லது கண்ணு. வலைக்கு அந்தப் பக்கம் போ."

தோற்றவர் பேசுவது மரபு. பூப்பந்துக்காரர்கள் மட்டையைத் தட்டிக்கொண்டு காத்திருக்க, ஹாவர்ஸ்டாக் பேசினார். குரல் தழுதழுத்தது. அது நடிப்பல்ல.

"பத்தொன்பது வருஷம் இந்த ஊருக்கு உழைச்சேன். வாரம் மூணு நாள் சதுக்கத்துக்கு வந்து மக்களைச் சந்திச்சேன். கழிப்பறை இல்லாம சிரமமா இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அது இன்னும் புரியலை. நானும் அதே சதுக்கத்துலதான் மணிக்கணக்கா நின்னேன். எனக்கு ஒரு நாள்கூட சிரமம் இருந்ததில்ல."

சொல்லிவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளைச் சாவியை எடுத்து ஆம்ஸ்பியிடம் கொடுத்தார். ஆம்ஸ்பி அதற்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, உறுதிமொழியில் ஐரிஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியை அவரிடம் நீட்டினார்.

"இது என்ன?"

"உறுப்பினர் வசதிச் சாவி. சதுக்கத்துக் கழிப்பறையோடது."

"அது மூடியில்ல இருக்கு? மூடினதுக்கு எதுக்குச் சாவி?"

"மூடினதுக்குத்தானே மேடம் சாவி வேணும். திறந்ததுக்கு எதுக்கு?" ஆம்ஸ்பி பொறுமையாக விளக்கினார். "பொதுமக்களுக்குத்தான் மூடியிருக்கு. உறுப்பினர்கள் பொதுமக்கள் இல்லையே. நீங்களும் இப்ப நாலு நிமிஷமா பொதுமக்கள் இல்ல."

ஐரிஸ் வாழ்க்கையில் கோபப்பட்ட சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அப்போதும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கோபப்படுவார். இந்த முறை கேட்கவில்லை. நின்று பேச நேரமில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு நீலக் கோட்டு பறக்க ஓடினார். பெரில் பின்னால் ஓடினாள்.

பச்சைக் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கீல்களுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். உள்ளே ஓடுகள் பளபளத்தன. வெந்நீர் வந்தது. சோப்பு லாவண்டர் மணத்தது. ஜாடியில் அன்று காலை மாற்றிய பூக்கள். மூன்று ஆண்டுகளாக ஒரு ஆள் நாள்தோறும் வந்து இதைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சுவரில் ஹாவர்ஸ்டாக் நாடா வெட்டும் புகைப்படம். கீழே "தற்காலிக மூடு விழா" என்று எழுதியிருந்தது.

ஐரிஸ் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. எதனால் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெரிலுக்கு வழிவிட்டார். கதவைச் சாத்தவில்லை. பூக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "திறந்துட்டாங்களா?" என்றாள். ஐரிஸ் ஆமாம் என்றார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மீன் கடை, தோல் பை கடை, பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் என்று வரிசை சதுக்கத்தின் பாதிக்கு நீண்டுவிட்டது. யாரும் கூச்சலிடவில்லை, கொண்டாடவில்லை. மார்ல்ஸ்டெட் மக்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியும்.

ஆம்ஸ்பி கையேட்டை அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"மேடம்! பூட்டுங்க! இது விதிமீறல்!"

முன்பென்றால் ஐரிஸ் பூட்டியிருப்பார். இப்போது, "எந்த விதிப்படி பூட்டணும்?" என்று கேட்டார்.

அது ஆம்ஸ்பியிடம் கேட்கக்கூடாத கேள்வி. கேட்டால் பதில் தேடியே ஆவார். அங்கேயே நின்று புரட்டினார். "பாரம்பரியக் கட்டடம்... திறந்திருக்கிற வசதியை மூடணும்னா ஆறு வாரம் மக்கள்கிட்ட கருத்துக் கேக்கணும். அப்புறம் குழுத் தலைவர் கையெழுத்து." புரட்டினார். "குழுத் தலைவர் தோத்துட்டாரு. புதுத் தலைவரை அக்டோபர் கூட்டத்துலதான் தேர்ந்தெடுக்க முடியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்ப என்ன நிலையோ அதுவே தொடரணும்."

"இப்ப என்ன நிலை?"

ஆம்ஸ்பி கதவைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்ல வரவில்லை.

"திறந்திருக்கு," என்றார்.

பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்; நேரத்தையும் எழுதினார். பிறகு பேனாவை மூடாமலே சற்று நின்றார். காலை ஏழு மணியிலிருந்து அவரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார், அவரே பூட்டிய பூட்டுகளோடு. கழுத்திலிருந்த மூன்று அடையாள அட்டைகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"கவுன்சிலர் டாப்செல்," என்றார் தணிந்த குரலில், "வரிசையோட கடைசி எங்கே இருக்கு?"

ஐரிஸ் மீன் கடைப் பக்கம் கையைக் காட்டினார். ஆம்ஸ்பி போய் நின்றார்.